நாலு கையும் மேலே ஒன்றும்

யோகராஜாவுக்கு மனிதர்களில் பெரும்பாலானவர்களைப் பிடிக்காது. மிச்சப் பேரை அவன் இன்னும் சந்திக்கவில்லை. ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த சீன உணவகத்தில் அவனுக்குக் கோப்பை கழுவும் வேலை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவனுக்கு 1986ஆம் ஆண்டில் அதைவிட நல்ல வேலை யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. ஆனால் அவனைக் கேட்டால், சுவிஸ் அரசாங்கம் ஏதோ ஆள் மாறாட்டத்தில் தன்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டது என்பான். கூட வேலை செய்த தமிழர்கள் பட்டிக்காடு. சீனர்கள் பல் விளக்காதவர்கள். சுவிஸ்காரர்கள் பாலாடைக்கட்டி தின்று மூளை உறைந்தவர்கள். உயர்தரப் பரீட்சையில் கணிதம் எடுத்தவன் தான் ஒருவன்தானாம் அந்தக் கட்டடத்தில். எடுத்தது உண்மை. இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் கோட்டை விட்டதை மட்டும் சொல்லமாட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் உணவகங்களில் கிடைக்கும் ஓய்வுக்கு அந்த நாட்டில் சிம்மர்ஷ்டுண்டே என்று பெயர். அந்த ஓய்வில் தலைமைச் சமையற்காரர் லாவும் அவருடைய ஆட்களும் அடுக்களை மேசையைத் துடைத்துவிட்டு ஃபான்டான் ஆடுவார்கள். மிக எளிய ஆட்டம். வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் ஒரு குவியல். ஆட்டம் நடத்துபவர் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஒரு கிண்ணத்தைக் குவியலுக்குள் கவிழ்த்து, உள்ளே அகப்பட்டதைத் தனியே இழுப்பார். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தங்களுக்குப் பிடித்த எண்ணில் பந்தயம் வைப்பார்கள். பிறகு கிண்ணத்தைத் தூக்கி, மூங்கில் குச்சியால் பொத்தான்களை நாலு நாலாகத் தள்ளிவிட வேண்டும். கடைசியில் எத்தனை மிஞ்சுகிறதோ அந்த எண் வெற்றி. மிச்சமில்லாமல் முடிந்தால் நாலு.

"நாலாலை பிரிச்சு மிச்சம் பாக்கிறதுக்கு ஏழு பேர் சுத்தி நிண்டு மூச்சை அடக்கிறாங்கள்" என்று யோகராஜா தொட்டிக்குள் கையை விட்டபடியே சொல்வான். "எங்கட ஊரில மூண்டாம் வகுப்புப் பிள்ளை செய்யிற கணக்கு."

லாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஏளனம் எந்த மொழியில் வந்தாலும் தெரியும். அவர் சூதாட்டத்துக்குப் பேர்போன சீனக் கரையோர மக்காவ் நகரில் பிறந்தவர். "என் அப்பா பாய் விரித்த கூடத்தில் இதை ஆடினார்" என்று உடைந்த ஜெர்மனில் சொன்னார். "பிறகு அதே ஆட்டத்துக்குக் கம்பளம் விரித்தார்கள். விளக்குத் தொங்கவிட்டார்கள். வாசலில் சீருடைக்காரனை நிறுத்தினார்கள். தோற்றுப் போகிறவன் மட்டும் அதே ஆள்." எழுத்துகளில் புள்ளி குத்தி அதிர்ஷ்டம் பார்க்கும் தங்கள் பழைய லாட்டரிச் சீட்டு, ரயில்பாதை போடப் போன கூலிகளோடு அமெரிக்காவுக்குப் போய், எழுத்துக்குப் பதில் இலக்கம் போட்டுக்கொண்டு கீனோ என்ற பெயரில் பெரிய காசினோக்களில் உட்கார்ந்திருப்பதையும் சொன்னார். சொல்லிவிட்டு மேசையோரம் துப்புவது போல ஒரு சத்தம் செய்தார். அந்தச் சத்தம் மட்டும் யோகராஜாவுக்குப் பிடித்திருந்தது.

இந்த நிலையில்தான் ஹெர் ஃப்ளூரி வாத்துக்கறி சாப்பிட வந்தார். ஓல்டனிலிருந்து சற்றுத் தூரத்தில் ஏரிக்கரையில் ஒரு கூர்சாலுக்கு அவர் டிரெக்டர். கூர்சால் என்றால் பாதி கச்சேரி மண்டபம், பாதி சூதாட்டக்கூடம். ஆனால் அந்நாளில் சுவிஸ் சட்டப்படி அங்கே ஒரு ரப்பர் பந்தை மரக்கிண்ணத்தில் உருட்டி விளையாடலாம், ஒரு தடவைக்கு ஐந்து பிராங்குக்கு மேல் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஹெர் ஃப்ளூரி தன்னை உலகச் சூதாட்டத்தின் ஒரு தூணாக நினைத்திருந்தார். ஒரே ஒரு முறை மக்காவ் நகருக்குச் சுற்றுலா போய் வந்திருந்தார். வந்ததிலிருந்து அவருக்குக் கீழைத்தேய மர்மம் தலைக்கேறிவிட்டது. ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவுக்குப் புதுச் சீருடை தைக்க நிதி சேர்க்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் விழாவில் ஃபான்டான் மேசை போட வேண்டும். காசு கிடையாது. நுழைவுச்சீட்டோடு பிளாஸ்டிக் வில்லைகள் கொடுக்கப்படும், ஜெயித்தவர்களுக்குக் கடைக்காரர்கள் அன்பளித்த பொருள்கள். மேசையை நடத்த ஒரு சீனர் வேண்டும்.

"நான் சமையற்காரன்" என்றார் லாவ். "வேண்டுமானால் ரோல் பொரித்துக் கொண்டுவந்து தருகிறேன். வேஷம் கட்ட மாட்டேன்."

ஹெர் ஃப்ளூரியின் கண் அடுக்களைக்குள் மேய்ந்து, கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த யோகராஜாவின் மேல் நின்றது. இவனும் ஆசியாக்காரன்தானே. ஆங்கிலமும் பேசுகிறான். நிமிர்ந்து நிற்கிறான். நிகழ்ச்சி நல்லபடி முடிந்தால் கூர்சாலிலேயே நிரந்தர வேலை, பந்து உருட்டும் மேசையில், கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக, அனுமதி வாங்குவது தன் பொறுப்பு என்றார்.

கோட்டு! யோகராஜா அதற்காகச் சீனனென்ன, எஸ்கிமோவாகவும் மாறியிருப்பான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். கையில் சவர்க்கார நுரையில்லாமல் கோட்டுப் போட்டு நாலு பேர் பார்க்க நிற்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் இதுவரை சொன்ன பொய்யெல்லாம் தானாகவே உண்மையாகிவிடும் என்று நம்பினான். அடுத்த ஞாயிறே ஓல்டன் நிலைய மண்டபத்தில் கூடும் தமிழர்களிடம் "காசினோவில டிரெக்டருக்கு அடுத்த ஆளாப் போறன்" என்று சொல்லிவிட்டான். சந்தேகப்பட்டவர்களைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தான்.

விழாவன்று காலையில் கூர்சாலுக்குப் போனபோது உடுப்புத் தயாராக இருந்தது. டிராகன் போட்ட சிவப்புப் பட்டு அங்கி. யாரோ ஒரு பெண்மணியின் குளியலறை அங்கியாக இருந்ததை வெட்டித் தைத்திருந்தார்கள். வட்டத் தொப்பியில் கறுப்புக் கம்பளி நூலால் பின்னிய குடுமி தொங்கியது. ரோல் பெட்டிகளோடு வந்திறங்கிய லாவ் அவனை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொத்தான்களும் மாறியிருந்தன. கடைசி வரிசைக்குத் தெரியாது என்று ஹெர் ஃப்ளூரி நத்தார்ப் பண்டிகைக்குக் கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிடும் மர உருண்டைகளை வாங்கிப் பொன் வர்ணம் அடித்து ஒரு கண்ணாடி ஜாடி நிறைய வைத்திருந்தார். கிண்ணத்தைக் குவியலில் கவிழ்ப்பது பார்க்க நன்றாக இல்லையாம். பட்டுச் சட்டைக் கை தெரிய, மாண்டரின் என்ற சீனப் பிரபு வேஷத்தில் நிற்பவன் தன் கையாலேயே அள்ளி எடுத்துக் கிண்ணத்தின் கீழ் வைக்க வேண்டுமாம்.

"கை கூடாது" என்றார் லாவ். "எங்கேயும் கையால் எடுப்பதில்லை. கிண்ணம்தான்."

"மக்காவ் நகரில் சரி. இங்கே கலைநயம் வேண்டும்" என்றார் ஹெர் ஃப்ளூரி. யோகராஜாவும் டிரெக்டர் பக்கமே தலையாட்டினான். ஒரு சமையற்காரன் தனக்குச் சொல்லித்தருவதா?

அப்போது ஒரு பெண் வாளியும் தும்புத்தடியுமாக மண்டபத்தைக் கடந்தாள். பெயர் தில்லைநாயகி. கூர்சாலைச் சுத்தம் செய்பவள், நாற்பது தாண்டியவள், சுன்னாகத்துக்காரி. பட்டு அங்கியைப் பார்த்து நின்றவள் குடுமிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நீர் எங்கட சந்தையில தேசிக்காய் விக்கிற சின்னத்துரை அண்ணையின்ர மகன் எல்லே?"

"ஆள் மாறிக் கதைக்கிறியள். என்ர அப்பா அரசாங்கக் கச்சேரியில சீஃப் கிளாக்."

"முகம் அச்சொட்டா அப்பிடியே கிடக்கு."

"எனக்கு உங்களைத் தெரியாது அக்கா. வேலையைப் பாருங்கோ."

தெரியாமலென்ன. சுன்னாகம் சந்தையில் சாக்கை விரித்துத் தேசிக்காய் என்கிற எலுமிச்சை விற்ற சின்னத்துரையின் ஒரே மகன்தான் அவன். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தச் சாக்கில் உட்கார்ந்து தகப்பனோடு சேர்ந்து எண்ணிப் போட்டவன். மீசை முளைத்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சந்தையில் தகப்பன் கூப்பிட்டால் காது கேளாதவன் மாதிரிச் சைக்கிளை மிதித்தவன். இப்போது கடல் தாண்டிவந்த இடத்திலும் அந்தச் சாக்கு வாளியோடு வந்து நிற்கிறதே என்று தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டான்.

பிற்பகல் மண்டபம் நிறைந்தது. வாத்தியக் குழு பழைய சீருடையில் ஊதியது. ஊதியதைக் கேட்டால் புதுச் சீருடையால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தது. ஹெர் ஃப்ளூரி ஒலிவாங்கியைப் பிடித்து, ஆயிரம் ஆண்டு ரகசியம், கீழைத்தேயத்தின் ஆன்மா என்று என்னென்னவோ சொன்னார். திரை விலகியது. நத்தார் உருண்டைகளுக்குப் பின்னால் கம்பளிக் குடுமியோடு கீழைத்தேயத்தின் ஆன்மா நின்றது. கைதட்டினார்கள்.

யோகராஜா அவர்களைப் பார்த்தான். பல் மருத்துவர், ஒரு விதவைச் சீமாட்டி, மாட்டுப்பண்ணைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள். வில்லைகளைப் பிரசாதம் போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இதுகளா காசினோ ஆட்கள் என்று நினைத்துக்கொண்டே ஜாடிக்குள் கையை விட்டான். முகம் சபையைப் பார்த்தபடி இருந்தது, வாய் ஆங்கிலத்தில் வரவேற்றது, கை தன் பாட்டில் உருண்டைகளை எடுத்துக் கிண்ணத்தின் கீழ் வைத்தது. குச்சியால் நாலு நாலாகத் தள்ளினான். மிச்சம் ஒன்று. பண்ணைக்காரர் ஒருவர் ஒரு குடை ஜெயித்தார்.

அடுத்த ஆட்டத்திலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று.

நாலாவது முறையும் ஒன்று வந்தபோது விதவைச் சீமாட்டி தன் வில்லை முழுவதையும் ஒன்றின் மேல் நகர்த்தினாள். அவளைப் பார்த்துப் பல் மருத்துவரும் நகர்த்தினார். யோகராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. நிகழ்தகவுப் பாடத்தில் முதல் அத்தியாயமே இதுதானே! முன்பு வந்தது பின்பு வருவதை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு ஆட்டமும் தனி. தன் அறிவை அடக்க முடியாமல் அதை ஆங்கிலத்தில் சபைக்கு விளக்கவும் செய்தான். "சீமான்களே, சீமாட்டிகளே, இது விஞ்ஞானம். ஒன்று மறுபடி வருமென்று நம்புவது சிறுபிள்ளைத்தனம்." விளக்கிக்கொண்டே கையை ஜாடிக்குள் விட்டான்.

ஒன்று.

அதற்குப் பிறகு சுவிஸ்காரர்கள் சுவிஸ்காரர்களாகவே நடந்துகொண்டார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. தள்ளவில்லை. ஒன்று என்ற எண்ணுக்கு முன்னால் ஒழுங்காக வரிசை கட்டி நின்றார்கள். வரிசை வாசல் வரை போனது. யோகராஜா ஒவ்வொரு முறையும் அவர்களுடைய மூடத்தனத்தை எண்ணி உதட்டைச் சுழித்தபடி அள்ளினான். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஜெயித்தார்கள். பன்றித்தொடை போனது. சுவர்க்கடிகாரம் போனது. பாலாடைக்கட்டிச் சக்கரத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மலையுச்சி விடுதியில் இருவருக்கு இரண்டு நாள் என்ற பெரும் பரிசைப் பல் மருத்துவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பரிசு மேசையில் விரிப்பு மட்டும் மிஞ்சியபோது அந்த விரிப்பையும் ஒரு கிழவர் கேட்டார். ஹெர் ஃப்ளூரி வாத்தியக் குழுவுக்குக் கையைக் காட்ட, அவர்கள் அவசரமாக ஊதத் தொடங்கினார்கள்.

பின்னறையில் விசாரணை நடந்தது. வாத்தியக் குழுத் தலைவர் கொதித்துக்கொண்டிருந்தார். அடுத்த காட்சிக்கு விற்க இருந்த நுழைவுச்சீட்டுகளுக்குப் பரிசே இல்லை, சீருடை போயிற்று, பொலிசைக் கூப்பிடுங்கள் என்றார். ஹெர் ஃப்ளூரி வெளிறிப்போய் லாவைக் கூப்பிட்டு அனுப்பினார். லாவ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் வெற்றுக் கோப்பைகள் எடுக்க வந்த தில்லைநாயகி, நடப்பதைப் பார்த்துக் கதவடியில் நின்றுவிட்டாள்.

"எடு" என்றார் லாவ், ஜாடியைக் காட்டி.

யோகராஜா எடுத்தான். லாவ் எண்ணினார். இருபத்தொன்று. "மறுபடி எடு." இருபத்தொன்று. "என்னோடு பேசிக்கொண்டே எடு." இருபத்தொன்று. ஐந்து ஐந்தாக நாலு பிடி, கடைசியில் தனியாக ஒன்று. நாலால் தள்ளினால் மிச்சம் எப்போதும் ஒன்றுதான். யோகராஜா தன் கையையே பார்த்தான். இவ்வளவு நேரமும் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவன் கள்ளன் இல்லை" என்றார் லாவ். "கள்ளன் இடையில் மாற்றி எடுப்பான். இவனுக்குக் கள்ளம் செய்யவும் தெரியாது, ஆடவும் தெரியாது." முதல் முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்படியானால் ஏன் இருபத்தொன்று?" என்று குழுத் தலைவர் கத்தினார்.

கதவடியிலிருந்து தில்லைநாயகி ஜெர்மனில் பதில் சொன்னாள். கூர்சாலைக் கூட்டிக் கூட்டிப் பழகிய ஜெர்மன், ஆனால் தெளிவாக இருந்தது. "இவருடைய அப்பா எங்கள் சந்தையில் எலுமிச்சை விற்கிறவர். எங்கள் ஊரில் ஐந்து என்றால் ஒரு கை. இருபது கேட்டால் நாலு கை அள்ளிப் போட்டு, மேலே ஒன்று சும்மா வைப்பார். நான் எத்தனையோ வருஷம் வாங்கினேன். இந்தப் பிள்ளையும் சின்ன வயதில் அப்படித்தான் அள்ளிப் போடுவான். உருண்டை கையில் பட்டதும் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. வேறு ஒன்றும் இல்லை."

ஹெர் ஃப்ளூரியின் முகத்தில் இரத்தம் திரும்பியது. திரும்பியதோடு நில்லாமல் மலர்ந்தும் விட்டது. எப்பேர்ப்பட்ட கதை! எலுமிச்சை வியாபாரியின் மகன், ஏமாற்றத் தெரியாத கை! பத்திரிகைக்கே கொடுக்கலாம். குழுத் தலைவரும் தோளைத் தளர்த்திக்கொண்டார். சீருடைக்கு இன்னொரு விழா வைத்தால் போயிற்று. அவர்களும் ஊர்ச் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்குகிறவர்கள்தானே.

"இந்த அம்மா சொல்வது உண்மையா?" என்று ஹெர் ஃப்ளூரி கேட்டார். "உண்மையென்றால் இது ஒரு விபத்து. உங்கள் மேல் குற்றமில்லை. நான் சொன்ன வேலை சொன்னபடி. ஆம் என்று சொல்லுங்கள், போதும்."

கோட்டு ஒரே ஒரு சொல் தூரத்தில் இருந்தது. யோகராஜா அதைப் பார்த்தான். பிறகு தில்லைநாயகியைப் பார்த்தான். ரப்பர் கையுறை, முழங்கால் வரை நனைந்த பாவாடை, கையில் அழுக்குக் கோப்பைகள். இவள் வாயால் தான் தப்புவதா? சந்தைச் சாக்கில் உட்கார்ந்தவனாகப் பத்திரிகையில் வருவதா? ஓல்டன் நிலையத்தில் நிற்கிற பட்டிக்காடுகளெல்லாம் அதை வாசித்துக் காட்டுவதா? ஏமாற்றத் தெரியாதவன் என்று அந்தச் சீனன் சிரித்த சிரிப்பு வேறு காதுக்குள் நின்றது.

"இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது" என்றான் ஆங்கிலத்தில், கணீரென்று. "என் தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தர். நான் கணிதம் படித்தவன். வேண்டுமென்றே செய்தேன். உங்கள் மண்டபத்தில் ஒருவருக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை."

கணிதம் என்ற சொல்லைச் சொன்னபோது அவனுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அப்படியும் ஒரு மனிதன்!

"அங்கியைக் கழற்றுங்கள்" என்றார் ஹெர் ஃப்ளூரி. லாவ் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். நாளையிலிருந்து அடுக்களைக்கும் வர வேண்டாம் என்பது அந்தத் தலையாட்டலிலேயே இருந்தது. குழுத் தலைவர் தொலைபேசியை எடுத்தார். அவன் குடுமியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோதும் நிமிர்ந்தே நின்றான்.

தில்லைநாயகி கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு எதிரே வந்தாள்.

"எனக்குத் தெரியாதவள் எண்டு சொன்னீர், பரவாயில்லை. நான் கூட்டிறவள்தானே. ஆனா உம்மட கொப்பர் ஒருத்தருக்கும் ஒண்டு குறைச்சுத் தந்ததில்லை, தம்பி. அந்தக் கையைப் போய்க் கள்ளக்கை எண்டு சொல்லிப்போட்டீரே."

"நீங்கள் ஆரெண்டே எனக்குத் தெரியாது" என்றான் யோகராஜா.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. பரிசுகளை வென்றவர்கள் ஒருவரும் திருப்பித் தராததால் வழக்கு ஒன்றும் பெரிதாகவில்லை. ஆனால் கதை ரயிலேறியது. சோலோதுர்னிலும் ஊஸ்டரிலும் தமிழர்கள் கூடிய இடமெல்லாம் யோகராஜா வெள்ளைக்காரனின் காசினோவையே கவிழ்த்த கை என்று பேசிக்கொண்டார்கள். வேலையில்லாமல் நிலைய மண்டபத்தில் நின்ற யோகராஜா அதை மறுக்கவில்லை. கேட்பவர்களுக்கு நிகழ்தகவு பற்றி விளக்கினான். அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள், கேட்டுவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தபடி போனார்கள். அவர்களையும் அவன் இளக்காரமாகவே பார்த்தான்.

தை மாதமளவில் யாரோ ஒருவர் மூலம் செய்தி சுன்னாகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சின்னத்துரை வழக்கம் போலச் சாக்கை விரித்து, நாலு கை அள்ளிப் போட்டு, மேலே ஒன்று வைத்துக் கொடுத்தார். வாங்கியவர்கள் அவர் முன்னாலேயே குந்தியிருந்து, பையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள்.